கணினி ஏன் உறுமுகிறது?

அக்கரப்பத்தனையில் பனிமூட்டம் இறங்கிய பின் இரவு எத்துணை அமைதியாயிருக்கும் என்பதை அவ்வூரார் நன்கறிவர். ஆற்றின் ஓசையன்றி வேறு அரவம் இராது. அவ்வமைதியில், பாட்டோ பேச்சோ எதுவுமின்றியே, கணினியோடு இணைத்த ஒலிபெருக்கி "ம்ம்ம்" என்று உறுமத் தொடங்கினால் அது காதைக் குடையாமல் என்ன செய்யும்? பட்டணத்துச் சந்தடியில் எவர் செவியிலும் படாத இவ்வுறுமல், மலைநாட்டு வீட்டில் பெரும் பிணியாகி விடுகிறது.

2020 மார்ச்சில் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடங்கள் கணினியையும் கைத்தொலைபேசியையும் தேடி வந்தன. ஆசிரியர் உரைப்பதை இரைச்சலுக்கிடையே பிரித்தெடுப்பது அன்று முதல் மாணவர் தலையில் விழுந்த வேலையாயிற்று. சீறும் இரைச்சல் முதலில் விழுங்குவது மெல்லிய மெய்யொலிகளையே. ஆங்கிலப் பாடத்தைச் செவிமடுக்கும் மாணவிக்கு ஓர் 'எஸ்' ஒலி கேளாமற்போனால் ஒருமை எது, பன்மை எது என்பதே தெரியாது.

இரைச்சல் எழுந்ததும் வீட்டார் செய்வது யாது? ஒலிபெருக்கியைப் பையிலிட்டு, தலவாக்கலைக்கோ ஹற்றனுக்கோ பஸ்ஸேறுகின்றனர். கடைக்காரர் அதைத் தம் மேசையில் மாட்டிப் பார்க்கிறார், குயில்போல் பாடுகிறது! வீட்டுக்குக் கொண்டுவந்தால் மறுபடியும் உறுமல். உடனே புதியதொன்று வாங்குகின்றனர், அதுவும் உறுமுகிறது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாயாவதே 2021இல்தான் நிறைவேறிற்று என்பதை எண்ணிப் பார்த்தால், இவ்வீண் செலவின் பாரம் விளங்கும். நோய் பெரும்பாலும் ஒலிபெருக்கியில் இல்லை. அது செருகப்பட்ட இடத்தில் இருக்கிறது.

இரைச்சலிலும் இனங்கள் உண்டு. வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் முதலில் காதால் இனம் பிரிக்க வேண்டும். தாழ்ந்த குரலில் இடையறாது உறுமுவது மின்சாரத்தின் குரல். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ற்று ஆடலோட்டம். வினாடிக்கு 50 முறை ஆடுகிறது. அவ்வாட்டம் கம்பி வழியே உட்புகுந்தால் 50 ஹேர்ட்ஸ் உறுமலாகக் கேட்கும். ஒலிபெருக்கியின் உள்ளே ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கும் பகுதியில் கொள்ளளவி பழுதுற்றிருந்தால், அதனிலும் ஒரு படி உயர்ந்த 100 ஹேர்ட்ஸ் உறுமல் எழும்.

இவ்விரண்டையும் பிரித்தறிய எளிய சோதனையொன்று உண்டு. ஒலிபெருக்கியிலிருந்து கணினிக்குச் செல்லும் ஒலிக்கம்பியைக் கணினிப் பக்கத்தில் உருவி, அதன் நுனியைத் தொடாமல் விடுங்கள். அப்போதும் உறுமல் நீடித்தால் குற்றம் ஒலிபெருக்கியினது, அல்லது அக்கம்பியினது, கடைக்குச் செல்லலாம். நின்றுவிட்டால் கம்பியை மீண்டும் செருகி, மடிக்கணினியின் மின்னேற்றியை மட்டும் கழற்றுங்கள். மின்கலத்தில் ஓடும்போது இரைச்சல் மறைந்தால், குற்றவாளி அகப்பட்டுவிட்டான். சுட்டியை நகர்த்தும்போது "கீச் கீச்" என்று இரைச்சலும் உடன் நகர்வதாயின் ஐயமே வேண்டாம்.

இதனைப் புவித்தொடுப்புச் சுற்று என்பர். கணினி ஒரு சுவர்த் துளையிலும் ஒலிபெருக்கி மற்றொரு துளையிலும் செருகப்பட்டிருக்கின்றன. இரண்டும் தனித்தனிக் கம்பியால் பூமியோடு இணைகின்றன. இடையே ஒலிக்கம்பியின் வெளியுறை அவற்றை மூன்றாம் முறையாக இணைக்கிறது. இவ்வாறு ஒரு வளையம் உண்டாகிறது. இரு துளைகளின் புவிக் கம்பிகளும் இம்மியும் பிசகாத ஒரே அழுத்தத்தில் இரா. மிகச் சிறு வேறுபாடு இருந்தாலும் வளையத்தில் மின்னோட்டம் சுழலும். விரியலாக்கி அதனையும் பாட்டென்று கருதிப் பெருக்கிவிடுகிறது. பாவம், அதற்கு இசை ஞானம் ஏது!

பரிகாரம் மலிவானது. இரண்டையும் ஒரே நீட்டுப் பலகையில் செருகினாலே பல வீடுகளில் உறுமல் அடங்கிவிடும். அடங்காவிடில், சிறு நிலைமாற்றிகளைக் கொண்ட தனிமையாக்கி ஒன்றை ஒலிக்கம்பியின் நடுவே இணைக்கலாம். அது ஒலியைக் கடத்தும், வளையத்தை அறுக்கும். புளூடூத் ஒலிபெருக்கியில் கம்பியே இல்லையாதலால் கணினியோடு இவ்வளையமும் இல்லை.

ஆனால் வேறொரு "பரிகாரமும்" ஊரில் உலவுகிறது. மூன்று முள் செருகியின் புவி முள்ளை ஒடித்துவிடுவது, அல்லது உள்ளே பச்சைக் கம்பியை வெட்டிவிடுவது. உறுமல் நின்றுவிடும் என்பது மெய்யே. ஆதலால்தான் இது பரவுகிறது. அப்பச்சைக் கம்பியோ, உட்கம்பி நைந்து உலோகப் பெட்டியைத் தொடும் நாளில் மின்சாரத்தைப் பூமிக்கு இறக்கி, ட்ரிப் சுவிட்சை விழச்செய்து உயிரைக் காப்பது. ஈரச் சுவரும் சிமெந்துத் தரையும் வெறுங்காலுமாயிருக்கும் லயன் அறையில் இதைச் செய்வது, ஓர் உறுமலுக்காகப் பிள்ளையின் உயிரைப் பணயம் வைப்பதாகும். மூன்று முள்ளை இரு துளையில் நுழைக்கும் இணைப்பிகளும் இதே குற்றத்தைச் சந்தடியின்றிச் செய்கின்றன.

"டிட்-டிடிட்-டிடிட்" என்று வெட்டி வெட்டி வருவது கைத்தொலைபேசியின் வேலை. இரண்டாம் தலைமுறை வலையமைப்பில் தொலைபேசி தன் அலையைத் தொடர்ந்து விடாமல், வினாடிக்கு ஏறத்தாழ 217 துடிப்புகளாக விடுகிறது. ஒலிக்கம்பி அத்துடிப்புகளை ஏந்திக்கொள்கிறது. கோபுரம் மலைக்கு அப்பால் மறைந்திருக்கும் பள்ளத்தாக்கில் தொலைபேசி இன்னும் உரக்கக் கத்த வேண்டியிருப்பதால் இத்தொல்லை நமக்குச் சற்று மிகுதி. தொலைபேசியை இரண்டு முழம் தள்ளி வைத்தாற் போதும்.

"ஸ்ஸ்" என்ற சீறலுக்கு முழு மருந்தில்லை. மின்தடையில் வெப்பத்தால் இலத்திரன்கள் அலைவதே ஓர் இரைச்சல் என்பதை ஜோன்சன் என்பார் 1928இல் வெளியிட்டார். எனினும் குறைக்க வழியுண்டு. கணினியில் ஒலியளவை உயர்த்தி, ஒலிபெருக்கியின் திருகைத் தாழ்த்துங்கள். பலர் நேர்மாறாகச் செய்கின்றனர். பயன்படுத்தாத ஒலிவாங்கியை அடைத்துவிடுங்கள். பெட்டிக்குள் ஒலி அட்டை மற்றைய சுற்றுகளின் நெரிசலில் அகப்பட்டுச் சீறினால், யூ.எஸ்.பி.யில் செருகும் வெளி ஒலி அட்டை உதவும். சிங்கப்பூர்க் கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் சவுண்ட் பிளாஸ்டரை வெளியிட்ட காலத்தில் ஒலி அட்டை விலைமிக்க தனிப்பொருள். இன்று விரல் நீளத்தில் கிடைக்கிறது.

இரைச்சலை ஆராய்ந்த ஒருவர் வானத்தையே கண்டார் என்பதையும் மாணவர் அறிதல் நன்று. அமெரிக்காவில் கார்ள் ஜான்ஸ்கி என்னும் பொறியியலாளர், கடல் கடந்த வானொலித் தொலைபேசியில் கேட்ட சீறலின் மூலத்தைத் தேடினார். அது 24 மணிக்கு ஒருமுறையன்றி, 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை உச்சம் பெற்றது. விண்மீன்கள் அதே இடத்துக்கு மீளும் காலம் அஃது. ஆகவே அச்சீறல் சூரியனிலிருந்து வரவில்லை, பால்வீதியிலிருந்து வருகிறது என்று 1933இல் அறிவித்தார்.

நம் வீட்டுக் கரகரப்புக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். மலைநாட்டு ஈரத்தில் செருகியின் நுனி களிம்பேறும். மின்சாரத்தை நிறுத்தி, உலர்ந்த துணியால் நுனியைத் துடைத்து, ஐந்தாறு முறை செருகி உருவினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். திருகைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் உள்ளே தூசி படிந்துள்ளது என்க.

சித்திரையிலும் ஐப்பசியிலும் மாலை வேளையில் இடைவிட்டு "சடக், சடக்" என்று கேட்பது மின்னல். அதனைத் துடைக்கவும் முடியாது, தள்ளிவைக்கவும் முடியாது. இடி நெருங்குமுன் கணினியின் செருகியையும் ஒலிபெருக்கியின் செருகியையும் சுவரிலிருந்து உருவிவிட வேண்டும். தொலைபேசிக் கம்பி கணினியோடு இணைந்திருந்தால் அதனையும் கழற்ற வேண்டும். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது.