புகையை விடும் பாதையில் தனியே நடக்க வேண்டாம்



"புகைபிடிக்கும் பழக்கம் உண்டா?" என்று மருத்துவர் கேட்கும்போது, அருகில் மனைவியோ மகளோ நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு விடை சொல்பவர்கள் பலர். "எப்போதோ விட்டுவிட்டேன்" என்பார்கள். சட்டைப் பையில் தீப்பெட்டி இருக்கும். ஞாயிறுதோறும் ஆலயத்திற்குச் செல்பவர்களிடம் இந்தத் தயக்கம் இன்னும் மிகுதி. சபையார் அறிந்தால் என்ன நினைப்பார்கள், ஆயர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்ற அச்சம் அவர்களை வாட்டுகிறது. ஆகவே ஒளித்துப் பிடிக்கிறார்கள். ஒளித்தே விடவும் முயல்கிறார்கள். யாருக்கும் தெரியாமல் விட முயன்று, யாருக்கும் தெரியாமல் தோற்று, "என்னால் இயலாது" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

பீடியும் சிகரெட்டும் நெஞ்சுக்குத் தீங்கு என்பதை அறியாதவர் இன்று அரிது. தேவைப்படுவது அறிவு அன்று, துணை. கிறிஸ்தவ விசுவாசமும் ஒருவரையொருவர் தாங்கும் ஐக்கியமும் இந்தப் பழக்கத்தை விடுவதற்கு எவ்வாறு உதவியிருக்கின்றன, எங்கே அவை மட்டும் போதாமற்போயின என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

மருத்துவரும் போதகரும் ஒரே மேடையில்

1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் திருச்சபையைச் சேர்ந்த இருவர் ஒரு புதிய முயற்சியைத் தொடங்கினர். ஒருவர் ஜே. வேன் மெக்ஃபார்லண்ட் என்னும் மருத்துவர். மற்றவர் எல்மன் ஃபோல்கன்பர்க் என்னும் போதகர். புகைபிடித்தலின் கேடுகளைப் பற்றிய அமெரிக்க அரசின் புகழ்பெற்ற மருத்துவ அறிக்கை வெளிவந்தது 1964-இல்தான். அதற்கு முன்பே இவர்கள், புகையை விட விரும்பியவர்களை ஐந்து மாலைப்பொழுதுகள் தொடர்ந்து ஓரிடத்தில் கூட்டினர். "ஐந்து நாள் திட்டம்" என்ற பெயரில் அது பல நாடுகளுக்கும் பரவியது.

அந்தக் கூட்டங்களில் மருத்துவர் உடலைப் பற்றிப் பேசினார். போதகர் மனத்தைப் பற்றிப் பேசினார். எச்சமயத்தவரும் வரலாம். "விட முயல்வேன்" என்று சொல்லாமல், "புகைபிடிப்பதில்லை என்று தெரிந்துகொண்டேன்" என்று ஒவ்வொரு முறையும் தமக்குத் தாமே சொல்லும்படி கற்பித்தனர். நிறையத் தண்ணீர் பருகுதல், பழங்களை உண்ணுதல், காப்பியையும் மதுவையும் காரமான உணவையும் தவிர்த்தல், உணவு முடிந்ததும் வழக்கமான நாற்காலியில் சாயாமல் எழுந்து நடத்தல், ஆழ்ந்து மூச்செடுத்தல் என்பன அன்றாட அறிவுரைகள். தன் பலம் போதாதபோது தன்னிலும் பெரிய வல்லமையை நோக்கி உதவி கேட்கும்படியும் சொன்னார்கள்.

அத்திட்டத்தின் முக்கிய உறுப்பு ஒன்று உண்டு. வந்தவர்களை இருவர் இருவராகச் சேர்த்துவிட்டனர். பகலில் ஆசை எழும்போது ஒருவர் மற்றவரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். இருவரும் அதே போராட்டத்தில் இருப்பவர்கள். ஆகையால் இருவருக்கும் இடையில் வெட்கத்திற்கு இடமில்லை.

ஐந்து நாள் முடிந்த பின்

ஐந்தாம் நாள் மாலையில் வெற்றியோடு வீடு திரும்பியவர்களில் கணிசமானோர் பின்வந்த மாதங்களில் மீண்டும் புகைக்கத் தொடங்கினர். இதனை அத்திருச்சபையினரும் உணர்ந்தார்கள். 1980-களில் அதே திட்டத்தை விரித்து, நீண்ட காலத் தொடர்ச்சிக்கு இடமளித்துப் புதிய வடிவில் நடத்தினர்.

இதற்குக் காரணம் நிகோட்டினின் இயல்பிலேயே இருக்கிறது. இரத்தத்தில் உள்ள நிகோட்டின் ஏறத்தாழ 2 மணி நேரத்தில் பாதியாகக் குறைகிறது. ஆகவேதான் புகைப்பவருக்கு நாள் முழுவதும் அடுத்தடுத்துத் தேவைப்படுகிறது. விட்டபின் எரிச்சல், தூக்கக் குறைவு, கவனச் சிதறல், மிகுந்த பசி ஆகியவை முதல் சில நாட்களில் உச்சத்தை அடைந்து, பெரும்பாலும் 2 முதல் 4 வாரங்களுக்குள் தணிகின்றன. அதற்குப் பின்னும் பழக்கத்தின் நினைவு தங்கியிருக்கும். தேநீர்க் கடை, பேருந்து நிலையம், துக்க வீடு, திருமண வீட்டுப் பந்தல் என்று இடங்களே ஆசையைத் தூண்டும். முதல் வாரத்தை மனவுறுதியால் கடக்கலாம். மாதங்களைக் கடப்பதற்குத் துணை வேண்டும்.

இங்கே நம் சபைகளில் பலர் அறிந்த ஓர் அனுபவத்தை எண்ணிப் பார்க்கலாம். லெந்து நாட்களில் சிகரெட்டைத் தொடாமல் இருந்து, உயிர்த்தெழுந்த பண்டிகை முடிந்ததும் மீண்டும் தொடங்குபவர்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளை நீக்கிக் கணக்கிட்டால் அந்தக் காலம் 40 நாட்கள். உடலின் தவிப்பு தணிய வேண்டிய காலத்தைவிட அது நீண்டது. அதாவது, லெந்து முழுவதும் விட்டிருந்தவர் மிகக் கடினமான பகுதியை ஏற்கெனவே கடந்துவிட்டார்! பண்டிகைக்குப் பின் அவர் பற்றவைக்கும் முதல் சிகரெட்டை அவர் உடல் கட்டாயப்படுத்திக் கேட்கவில்லை. அந்த நாளில் "இன்னும் ஒரு மாதம் சேர்ந்து தொடர்வோம்" என்று சொல்ல ஒருவர் அருகில் இருந்தால், அந்த நோன்பே விடுதலையாக மாறியிருக்கும்.

விசுவாசம் தருவது என்ன?

விசுவாசம் நிகோட்டினின் வேதியியலை மாற்றுவதாகச் சொல்ல முடியாது. ஆனால் அது முதன்மையாக ஒன்றைச் செய்கிறது: உதவி கேட்பதை இழிவாகக் கருதாதிருக்கக் கற்பிக்கிறது. யாக்கோபு எழுதிய நிருபத்தின் 5-ஆம் அதிகாரம், விசுவாசிகள் தங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, சொஸ்தமடையும்படி ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்க வேண்டும் என்று அறிவுறுத்துகிறது. அறிக்கையும் ஜெபமும் சுகமும் அங்கே ஒன்றாகவே வைக்கப்பட்டிருக்கின்றன. கலாத்தியர் நிருபத்தின் 6-ஆம் அதிகாரமோ, ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கவும் சொல்கிறது. தன் சுமையைத் தானே சுமக்க வேண்டும் என்றும் சொல்கிறது. புகையை விடுபவருக்கு இரண்டும் பொருந்தும். சிகரெட்டை மறுக்க வேண்டியவர் அவரே. மறுக்கும் வேளையில் அவர் தனித்திருக்க வேண்டியதில்லை.

இந்த உண்மை மதுப்பழக்கத்திலிருந்து மீண்டவர்களின் வரலாற்றிலும் விளங்குகிறது. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சனும் மருத்துவர் பாப் ஸ்மித்தும் தொடங்கிய "ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்" என்னும் கூட்டுறவு, ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்தின் பழக்கங்களிலிருந்து உருவானது. தன்னை ஆராய்தல், பிறரிடம் மனம் திறத்தல், இறைவனிடம் ஒப்புக்கொடுத்தல், மீண்டவர் மற்றவரை மீட்டல் ஆகியவை அதன் அடிப்படை. பில் வில்சன் 1934 டிசம்பர் முதல் தம் வாழ்நாள் இறுதிவரை மதுவைத் தொடவில்லை. ஆயினும் நெடுங்காலம் புகைபிடித்த அவர், எம்ஃபிசீமா என்னும் நுரையீரல் நோயால் நலிந்து 1971-இல் காலமானார்.

நினைத்துப் பார்க்க வேண்டிய செய்தி இது. உலகெங்கும் எண்ணற்றவர்களை மதுவிலிருந்து மீட்ட வழியைக் கண்டவரையே புகையிலை விட்டுவைக்கவில்லை. அவருக்கு விசுவாசம் குறைவாக இருந்தது என்று யார் சொல்ல முடியும்? ஆகவே, ஜெபித்தும் விட முடியவில்லையே என்று வருந்துபவரை, "உன் விசுவாசம் போதாது" என்று சொல்லி வருத்த வேண்டாம். புகையிலைக்கென்று தனியாகத் தீர்மானமும், தனியாகத் துணையும், வேண்டியபோது மருந்தும் தேவை.

இருவர் இருவராகத் தொடங்குங்கள்

பெரிய குழு அமைவதற்காகக் காத்திருக்க வேண்டாம். சபையிலோ தெருவிலோ வேலை செய்யும் இடத்திலோ, விட விரும்பும் இன்னொருவரைத் தேடுங்கள். ஏற்கெனவே விட்டவர் கிடைத்தால் இன்னும் நல்லது. பிறகு இவற்றைச் செய்யுங்கள்:

• நிறுத்தும் நாளை இருவரும் சேர்ந்து குறியுங்கள். இரண்டு வாரத்திற்கு அப்பால் தள்ள வேண்டாம்.

• முந்தின இரவே வீட்டிலும் வண்டியிலும் உள்ள பீடி, சிகரெட், தீப்பெட்டி, சாம்பல் கிண்ணம் அனைத்தையும் அகற்றுங்கள்.

• காலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை பேசுங்கள். நீண்ட பேச்சு வேண்டாம். இன்று எங்கே ஆபத்து வரும், நேற்று எது உதவியது என்ற இரண்டு கேள்விகள் போதும். விரும்பினால் சிறு ஜெபத்தோடு முடியுங்கள்.

• ஆசை எழுந்தவுடன் அழையுங்கள். "அண்ணே, இப்போது ஆசை வந்திருக்கிறது" என்ற ஒரு வரியே போதும். அத்தகைய வேட்கை பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அந்த நிமிடங்களைக் கடக்கப் பேச்சே ஒரு பாலம்.

• முதல் மாதம் நாள்தோறும், பின்பு வாரத்திற்கு ஒரு முறை, குறைந்தது ஆறு மாதம் வரை தொடருங்கள்.

• தோழர் தவறினால் கடிந்துகொள்ளாதீர்கள். ஒன்றைப் பிடித்துவிட்டவர், "எல்லாம் போயிற்று" என்று ஒரு கட்டு வாங்கும் வேளையே உண்மையான ஆபத்து. உடனே சொல்லிவிட்டால் அந்த ஒன்றோடு நின்றுவிடும்.

குழுவாகக் கூடி ஆலோசனை பெறுபவர்கள், கையேடுகளை மட்டும் படித்துத் தாமாக முயல்பவர்களைவிட மிகுதியாக வெற்றி பெறுகிறார்கள் என்பதை மருத்துவ ஆய்வுகளின் தொகுப்புகளும் காட்டுகின்றன.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை

விடுகிறவர் முதல் இரண்டு வாரம் சிடுசிடுப்பாக இருப்பார். அது அவருடைய குணம் அன்று, தவிப்பின் அடையாளம். "இன்றைக்குப் பிடித்தீர்களா?" என்று விசாரித்தால் அவர் மறைக்கக் கற்றுக்கொள்வார். "அப்பா, இன்றைக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டால் உண்மையைச் சொல்வார். சட்டைப் பையைச் சோதிப்பதும், உறவினர் முன்னால் சொல்லிக் காட்டுவதும் வேண்டாம். உணவு முடிந்ததும் அவரோடு சிறிது தூரம் நடந்து வாருங்கள். பீடிக்குச் செலவான பணத்தை ஓர் உண்டியலில் சேர்த்து, மாத முடிவில் பிள்ளைகளோடு எண்ணிப் பாருங்கள்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

ஜெபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. நிகோட்டின் சூயிங்கம், ஒட்டுப்பட்டை போன்றவை வெற்றி வாய்ப்பைத் தெளிவாக உயர்த்துகின்றன. சூயிங்கத்தைச் சாதாரண மிட்டாய்போல் தொடர்ந்து மெல்லக் கூடாது. காரம் தெரியும்வரை மென்று, பின் கன்னத்திற்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வைக்க வேண்டும். வேறு மாத்திரைகளும் உள்ளன; அவற்றை மருத்துவரின் சீட்டின்றி உட்கொள்ளக் கூடாது. கருவுற்றவர்களும், அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் எந்த நிகோட்டின் பொருளையும் மருத்துவரைக் கேட்டே பயன்படுத்த வேண்டும்.

மேலே சொன்ன பழைய திட்டத்தின் அறிவுரைகள் எல்லாருக்கும் ஒருபடியாகப் பொருந்தா. நீரிழிவு உள்ளவர்கள் பழச்சாற்றைத் தவிர்க்க வேண்டும். இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவர் குறித்த அளவுக்கு மேல் தண்ணீர் பருகக் கூடாது. இன்னொன்றும் உண்டு: புகை சில மருந்துகளை உடலிலிருந்து விரைவாக வெளியேற்றுகிறது. மூச்சிரைப்புக்குத் தரப்படும் தியோபிலின், மனநல மருந்தாகிய குளோசபின் ஆகியவற்றை உட்கொள்பவர் புகையை நிறுத்தியதும் அதே அளவு மருந்து மிகையாகிவிடலாம். ஆகவே நிறுத்தும் நாளை மருத்துவருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். தாமாகவே மருந்தை நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம்.

துணைக்கு ஒருவரும் கிடைக்காதவர்கள், இந்திய அரசின் கட்டணமில்லா உதவி எண்ணாகிய 1800-11-2356-ஐ அழைக்கலாம்.

உடல் மன்னிக்கக் காத்திருக்கிறது

கடைசிச் சிகரெட்டுக்குப் பின் 20 நிமிடங்களில் இதயத் துடிப்பு தணியத் தொடங்குகிறது. 12 மணி நேரத்தில் இரத்தத்திலுள்ள கார்பன் மோனாக்சைடு இயல்பான அளவுக்கு வருகிறது. சில மாதங்களில் இருமலும் மூச்சுத்திணறலும் குறைகின்றன. ஓராண்டில் இதய நோயின் ஆபத்து, தொடர்ந்து புகைப்பவருக்கு உள்ளதில் ஏறத்தாழ பாதியாகிறது. நோய் வந்தபின் விட்டாலும் பயன் உண்டு. அறுவை சிகிச்சைக்கு முன் விட்டால் காயம் நன்றாக ஆறும். "இனி விட்டு என்ன ஆகப்போகிறது?" என்று சொல்லும் வயது எவருக்கும் வந்துவிடவில்லை.

கிறிஸ்தவரல்லாத வாசகர்களும் தங்கள் வழிபாட்டிலும் நண்பர்களிடத்திலும் இதே பலத்தைத் தேடலாம். நோயாளியைப் பார்க்க வந்த இடத்தில் இதனைப் படிப்பவராயினும், படுக்கையில் இருந்து படிப்பவராயினும், இன்று செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் பழக்கத்தைப் பற்றி நீங்கள் நம்பும் ஒருவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். செவிலியரிடம் சொன்னாலும் சரி, ஆயரிடம் சொன்னாலும் சரி, பக்கத்துக் கட்டிலில் இருப்பவரிடம் சொன்னாலும் சரி. நாளைக் காலையில் உங்களை விசாரிக்க ஒருவர் இருப்பார்.