ஒட்டிக் கட்டிய அறை விரிசல்விடும்போது

மகனுக்குத் திருமணம் நிச்சயமானதும் பின்கட்டில் ஓர் அறை எடுப்பதும், வாடகை வருமானத்தை எண்ணி மேலே ஒரு மாடி கட்டுவதும், சத்திரப்பட்டிப் பக்கமாக இருந்தால் மருத்துவத் துணி நெய்யும் விசைத்தறிக்காக வீட்டையொட்டி ஒரு கூடம் இறக்குவதும் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் இயல்பாக நடப்பவை. இருக்கிற வீட்டை இடிக்காமல் அதனோடு சேர்த்துக் கட்டும் இத்தகைய வேலையில், புது வீட்டுக்கு வரைபடம் போடும் பொறியாளரைக் கூடப் பலர் அழைப்பதில்லை. தெரிந்த கொத்தனாரிடம் சதுர அடிக் கணக்கில் பேசி முடித்துவிடுகின்றனர். ஆனால் கட்டுமானக் குறையால் அந்த அறை பிளந்தாலோ தளம் தொய்ந்தாலோ, எந்தக் காப்பீட்டு நிறுவனமும் அதற்குப் பணம் தராது என்பதும், அடுக்குமாடி வீடு வாங்கியவருக்குக் கிடைக்கும் சட்டப் பாதுகாப்பு இவருக்கு இல்லை என்பதும் சுவர் விரிந்த பிறகே தெரியவருகின்றன.

பழைய வீடும் புதிய அறையும் சந்திக்கும் இடத்திலேயே சிக்கல் பெரும்பாலும் தொடங்குகிறது. எந்தக் கட்டடமும் எழுந்த பின் தன் பாரத்தால் மண்ணைச் சிறிது அமுக்கி இறங்கும். இதைப் பொறியியலில் அமர்வு என்பர். பல பத்தாண்டுகளுக்கு முன் எழுந்த வீடு தன் அமர்வை முடித்து நிலைகொண்டுவிட்டது. புதிய அறையோ இனிமேல்தான் இறங்கத் தொடங்கும். ஒன்று அசையாமல் நிற்க மற்றொன்று இறங்குவதால் ஏற்படும் இந்த வேறுபாட்டு அமர்வை இரண்டையும் பிணைத்திருக்கும் சுவர் தாங்க முடியாமல் விரிகிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முன்னோடி அமைப்பு 1984-இல் வெளியிட்ட, கட்டட விரிசல்களின் காரணங்களையும் தடுப்பு முறைகளையும் விளக்கும் கையேடு, சேர்த்துக் கட்டும் பகுதியைப் பழைய சுவரோடு பிணைக்கக் கூடாது என்றும், அடிமுதல் உச்சிவரை இரண்டுக்கும் இடையே பிரிப்பு இணைப்பு விட வேண்டும் என்றும் கூறுகிறது. நடைமுறையில் நடப்பது நேர்மாறாக இருக்கிறது. பழைய சுவரில் ஆங்காங்கே செங்கற்களைப் பெயர்த்தெடுத்து, அந்தக் குழிகளில் புதுச் சுவரின் கற்களைக் கோத்துக் கட்டினால்தான் பிடிப்பு கிடைக்கும் என்று கொத்தனாரும் நம்புகிறார், வீட்டுக்காரரும் நம்புகிறார். நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் அந்தப் பிணைப்பே விரிசலுக்கு வழிவகுத்துவிடுகிறது.

மண் இந்தக் குறையைப் பெருக்குகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் செம்மண் காணப்பட்டாலும், விருதுநகர் மாவட்டத்தின் பெரும்பரப்பு கரிசல் நிலமாகும். கரிசலில் உள்ள ஒருவகைக் களிமண் கனிமம் மழைநீரை உறிஞ்சி உப்புவதும், கோடையில் நீரை இழந்து சுருங்கி ஆழமாகப் பிளப்பதும் ஆண்டுதோறும் நிகழ்வதால், அதன்மீது குறைந்த ஆழத்தில் வானம் தோண்டி எழுப்பிய சுவர் ஐப்பசி மழையில் ஒருமுறை தூக்கப்பட்டுச் சித்திரை வெயிலில் ஒருமுறை இறக்கப்படுகிறது. இத்தகைய மண்ணுக்காகவே ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம், அடிப்பகுதி குமிழ்போல அகன்ற தூண் அடித்தளத்தை உருவாக்கியது; ஈரப்பதம் மாறாத ஆழம்வரை, ஆழ்ந்த கரிசலில் ஏறத்தாழ 3.5 மீட்டர் வரை, அது இறங்கி நிற்கும். பழைய வீட்டின் கடைக்கால் எவ்வளவு ஆழம் என்று தோண்டிப் பார்க்காமலும், மனை எவ்வகை மண் என்று கேட்காமலும், மூன்றடி போதும் என்று முடிவுசெய்வது இவ்வட்டாரத்தில் துணிச்சலான காரியம். கண்மாய்ப் பாசன வயலாக இருந்து பிறகு மண் கொட்டி மேடாக்கப்பட்ட மனையாயின், கொட்டிய மண் தானாகவே பல ஆண்டுகள் இறங்கிக்கொண்டிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மாடி எடுப்பது வேறு வகை ஆபத்தை உடையது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய சுவர் ஓட்டுக் கூரையையோ மச்சையோ தாங்கக் கணக்கிடப்பட்டது. அதன்மீது காங்கிரீட் தளமும் தண்ணீர்த் தொட்டியும் ஏற்றப்படும்போது, சுவரும் அதன் அடியில் உள்ள மண்ணும் எவ்வளவு தாங்கும் என்று எவரும் கணக்கிட்டிருப்பதில்லை. தென்கொரியத் தலைநகர் சியோலில் 1995 ஜூன் 29 அன்று 502 பேரைப் பலிகொண்ட சம்பூங் பேரங்காடியின் வீழ்ச்சிக்கான காரணங்களில், நான்கு தளங்களுக்காகத் திட்டமிட்ட கட்டடத்தின்மீது ஐந்தாவது தளம் ஏற்றப்பட்டதும் ஒன்று. அளவு வேறாயினும், கணக்கில் இல்லாத பாரம் பழைய கட்டடத்தின் தலையில் ஏறுவது இரண்டுக்கும் பொதுவானது. அவசரமும் கேடு செய்கிறது. இந்தியத் தரவிதி 456-இன்படி, 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்தின் முட்டுகளைக் குறைந்தது 7 நாளும், அதற்கு மேற்பட்டதற்கு 14 நாளும், 6 மீட்டருக்கு மேற்பட்ட உத்தரத்திற்கு 21 நாளும் எடுக்கக் கூடாது. வாடகைக்கு எடுத்த சென்ட்ரிங் பலகையை அடுத்த வேலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதற்காக அதற்கு முன்பே முட்டுகளைத் தட்டிவிட்டால், தளம் அன்றைக்கு நின்றாலும் நிரந்தரமாகத் தொய்ந்துபோகக்கூடும்.

விரிசலைக் கண்டவுடன் பட்டி பூசி மறைக்காமல், அதைப் படிக்கக் கற்றுக்கொள்வது பயன்தரும். மேற்சொன்ன கையேடு 1 மில்லிமீட்டருக்கு உட்பட்டதை மெல்லிய விரிசல் என்றும், 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை உள்ளதை நடுத்தர விரிசல் என்றும், அதற்கு மேற்பட்டதை அகன்ற விரிசல் என்றும் வகுக்கிறது. பூச்சில் மட்டும் வலைப்பின்னல்போல ஓடுவது பெரும்பாலும் பூச்சின் சுருக்கமே. பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் கோட்டில் நேர்குத்தாக இறங்குவதும், சன்னல் மூலையிலிருந்து செங்கல் வரிசைகளைப் படிப்படியாகத் தாண்டிச் சாய்வாக ஓடுவதும், கூடவே கதவு நிலையில் இறுகித் திறக்க மறுப்பதும் அடித்தளத்தின் அசைவைக் காட்டுகின்றன. விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமென்ட் குழம்பால் இரு முனைகளிலும் ஒட்டி, அதன்மேல் தேதியை எழுதி வைத்தால், சுவர் மேலும் நகர்ந்தால் கண்ணாடி உடைந்து அறிவித்துவிடும். சில வாரங்களில் அது உடைந்தால், அந்த அறையில் படுப்பதை நிறுத்தித் தளத்திற்கு முட்டுக் கொடுப்பதை அன்றே செய்ய வேண்டும்.

காப்பீட்டைப் பொறுத்தவரை, இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்க வேண்டும் என்று வகுத்த ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்னும் வீட்டுக் காப்பீடு, தீ, நிலநடுக்கம், புயல், வெள்ளம், நிலச்சரிவு, நிலம் உள்வாங்குதல் முதலியவற்றுக்கு ஈடு தருகிறது. நிலம் உள்வாங்குதல் என்ற சொல்லைக் கண்டு நம்பிக்கை கொள்பவர் அதன் விலக்குகளையும் படிக்க வேண்டும். புதிய கட்டுமானத்தின் இயல்பான விரிசலும் அமர்வும், கொட்டிய மண்ணின் அசைவும், குறையுள்ள வடிவமைப்பும் வேலைத்தரமும் பொருளும், இடிப்பு, கட்டுமானம், கட்டமைப்பு மாற்றம், பள்ளம் தோண்டுதல் ஆகியவற்றால் நேர்வனவும் அங்கேயே வெளிப்படையாக விலக்கப்பட்டுள்ளன. சேர்த்துக் கட்டிய அறை சிதைவதற்குரிய காரணங்கள் ஏறத்தாழ அனைத்தும் அந்தச் சில வரிகளுக்குள் அடங்கிவிடுவதால், காப்பீடு எடுக்காதவரும் எடுத்தவரும் இந்த இழப்பில் ஒரே நிலையில் நிற்கின்றனர். பிரான்ஸ் நாட்டில் 1978-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுநர் ஒவ்வொருவரும் பத்தாண்டுப் பொறுப்புக் காப்பீடு எடுப்பதைக் கட்டாயமாக்கியது. இங்கே அத்தகைய ஏற்பாடு சிறு வீட்டு வேலைக்கு இல்லை. 2016-ஆம் ஆண்டு மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் தெரியவரும் கட்டமைப்புக் குறையை 30 நாளுக்குள் இலவசமாகச் சரிசெய்யக் கட்டுநரைக் கடமைப்படுத்துகிறது. விற்பனைக்காகக் கட்டப்படும் வீடுகளுக்கான சட்டம் என்பதால், சொந்த மனையில் அறை எடுப்பவரை அது சேர்க்கவில்லை. ஒரு கட்டடம் விழுந்தால் சாகும் உயிர் அடுக்குமாடியிலும் ஒற்றை வீட்டிலும் ஒன்றுதான் என்னும்போது, இந்த வேறுபாடு நியாயமானதாகத் தோன்றவில்லை.

எஞ்சியிருக்கும் வலுவான வழி நுகர்வோர் சட்டமாகும். வீட்டுக் கட்டுமானமும் ஒரு சேவையே என்பதை உச்ச நீதிமன்றம் 1993-இல் லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் நிலைநாட்டியது. 2008-இல் பக்கீர் சந்த் குலாட்டி வழக்கில், தன் நிலத்தில் கட்டடம் கட்டித்தரக் கட்டுநரை அமர்த்தும் உரிமையாளரும் நுகர்வோரே என்று தீர்ப்பளித்தது. இதில் ஒரு நுட்பம் உண்டு. தன் மேற்பார்வையில் நாட்கூலிக்கு ஆள் வைத்து, சனிக்கிழமைதோறும் சம்பளம் கொடுத்து, பொருளைத் தானே வாங்கிக் கட்டியவர், சட்டம் சேவையிலிருந்து விலக்கிவைத்திருக்கும் தனியாள் பணி ஒப்பந்தத்துக்குள் தள்ளப்படலாம். வேலை முழுவதையும் இன்ன தொகைக்கு முடித்துத் தருவதாக ஒருவர் ஏற்றுக்கொண்டிருந்தால், பொருள் யாருடையதாயினும் அவருடைய வேலைத்தரத்தை நுகர்வோர் ஆணையத்தில் கேள்வி கேட்க முடியும். முத்திரைத்தாள் இல்லாவிட்டாலும், தொகையும் வேலையின் அளவும் எழுதி இருவரும் கையெழுத்திட்ட ஒரு தாள், வங்கி வழியே செலுத்திய தவணைகள், கைப்பேசியில் பரிமாறிய செய்திகள் ஆகியவை ஒப்பந்தத்தை மெய்ப்பிக்கும். மின்னணுச் செய்திகளுக்கு 2023-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழை இணைக்க வேண்டும்.

இங்கே வரிசைமுறை முக்கியமானது. குறையுள்ள பகுதியை இடித்துப் பழுதுபார்த்த பிறகு வழக்குக்குச் செல்பவரிடம் காட்டுவதற்கு எதுவும் இருக்காது. உயிருக்கு ஆபத்தான பகுதிக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, அளவுகோலை விரிசலின் அருகே வைத்துத் தேதி தெரியும்படி படமெடுத்து, அந்த வேலையில் தொடர்பில்லாத கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் எழுத்து வடிவில் அறிக்கை பெற வேண்டும். கடைக்காலை ஓரிடத்தில் தோண்டி ஆழத்தை அளப்பதும், மீள்தாக்குச் சுத்தியலால் காங்கிரீட்டின் மேற்பரப்பு வலிமையைச் சோதிப்பதும், தேவைப்பட்டால் உருளையாகத் துளைத்தெடுத்த மாதிரியை ஆய்வகத்தில் நசுக்கிப் பார்ப்பதும் அந்த அறிக்கையில் இடம்பெறத்தக்கவை. இராஜபாளையத்திலும் கிருஷ்ணன்கோவிலிலும் பொறியியல் கல்லூரிகள் இருப்பதால் துறை அறிந்தவர்களைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. அறிக்கையின் நகலோடு, குறைகளையும் சரிசெய்யத் தரும் கால அவகாசத்தையும் குறிப்பிட்டு ஒப்பந்தக்காரருக்கு ஒப்புகையுடன் கூடிய தபாலில் அறிவிப்பு அனுப்பினால், அவர் தாமே வந்து பேசித் தீர்ப்பதும் உண்டு. அப்படிப் பேசும்போது, என்ன வேலையை, எந்த முறையில், எந்தத் தேதிக்குள் செய்வார் என்பதை எழுதி வாங்காமல் விடக் கூடாது. அதே ஆள் மீண்டும் பூச்சுப் பூசிவிட்டுப் போவது தீர்வாகாது.

விருதுநகர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இயங்குகிறது. செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. குறை தெரியவந்து இரண்டு ஆண்டுக்குள் முறையிட வேண்டும் என்பதால், பார்த்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தக்காரர் சொல்லும் ஒவ்வொரு தீபாவளியும் பொங்கலும் உரிமையாளரின் காலத்தைத்தான் கரைக்கின்றன. வழக்குரைஞரையும் பொறியாளரையும் அனுப்பிக் கட்டடத்தைப் பார்வையிட்டு அறிக்கை தரச் செய்யுமாறு ஆணையத்தைக் கேட்கலாம்.

அண்டை வீட்டாரின் உரிமையும் இதில் அடங்கும். கோயில்களைச் சூழ்ந்த பழைய தெருக்களில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில், ஒருவர் தோண்டும் வானம் அடுத்தவர் கடைக்காலின் பிடிமானத்தைக் கரைத்துவிடும். தம் நிலத்திற்குப் பக்கத்து நிலம் இயல்பாக அளிக்கும் தாங்குதலை இழக்காத உரிமையை 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டமே ஏற்றிருக்கிறது. அடுத்த வீட்டுச் சுவர் விரிந்தால் இழப்பீடு கேட்டு அந்த வீட்டுக்காரர் முதலில் வருவது, வேலை செய்த வீட்டு உரிமையாளரிடமே, கொத்தனாரிடம் அல்ல. வேலை தொடங்குமுன் பக்கத்துச் சுவரின் நிலையை இருவரும் சேர்ந்து படமெடுத்து வைப்பது பிற்காலச் சண்டையைக் குறைக்கும்.

தமிழக அரசு 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்றுத் திட்டத்தின்படி, 2,500 சதுர அடிக்குட்பட்ட மனையில் 3,500 சதுர அடி வரையிலான வீட்டுக்கு இணைய வழியே உடனடி அனுமதி கிடைக்கிறது. நடையாய் நடந்தவர்களுக்கு இது பெரும் விடுதலை. ஆனால் அனுமதி எளிதாகும் அளவுக்குப் பொறுப்பும் முழுவதும் உரிமையாளர் தலையில் வந்து சேர்கிறது. பழைய கட்டடத்தோடு சேர்த்தோ அதன் மேலோ கட்டுவதற்கு மட்டுமாவது, மண்ணையும் பழைய அடித்தளத்தையும் பார்த்த கட்டமைப்புப் பொறியாளரின் ஒரு பக்கக் குறிப்பை அதே இணையதளத்தில் கேட்பது அரசுக்குக் கடினமான வேலையன்று.

தீர்ப்புப் பெற்றாலும் கையில் சொத்தில்லாத சிறு ஒப்பந்தக்காரரிடமிருந்து பணத்தை வசூலிப்பது எளிதன்று என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆணையத்தின் உத்தரவை நிறைவேற்றாதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை விதிக்க 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 72-ஆம் பிரிவு இடமளிப்பது அங்கே ஓரளவு கைகொடுக்கிறது. அதைவிட உறுதியானது, பொதுப்பணித் துறை தன் ஒப்பந்தங்களில் செய்வதுபோல, மொத்தத் தொகையில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்து, ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கழிந்து விரிசல் இல்லையென்று கண்ட பிறகே விடுவிப்பதாக முதலிலேயே எழுதிக்கொள்வது. வழக்குரைஞர் வைக்க வசதியில்லாதோருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச உதவி அளிக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள் தம் வருமானம் எவ்வளவாயினும் அதைக் கேட்டுப் பெறலாம் என்பதால், வீடு மனைவி பெயரிலோ தாயார் பெயரிலோ இருக்கும் குடும்பங்கள் அங்கிருந்தே தொடங்கலாம்.