அறுவைக்குப் பின் வரும் அறிவுத் தடுமாற்றம்

முதியவர் ஒருவர் அறுவை மருத்துவம் முடிந்து கண் விழிக்கிறார். உடல் தேறுகிறது, உள்ளமோ தடுமாறுகிறது. பெற்ற மகனைப் பார்த்து, "நீ யார்?" என்கிறார், பகலை இரவென்கிறார். மயக்க மருந்துதான் மூளையைக் கெடுத்துவிட்டது என்று வீட்டார் கலங்குகின்றனர். அக்கலக்கம் எத்துணைப் பொருத்தம் உடையது?

இத்தடுமாற்றம் இருவகைப்படும். சில நாட்களுக்குள் தோன்றி, கூடியும் குறைந்தும் வரும் மனக்குழப்பம் ஒன்று. அது பெரும்பாலும் தெளிந்துவிடும். நினைவும் கவனமும் வாரக்கணக்கிலோ திங்கட்கணக்கிலோ மழுங்கி நிற்பது மற்றொன்று.

மயக்க மருந்துக்குப் பின் முதியோர் சிலரின் அறிவு குன்றியதை, 1955-ஆம் ஆண்டில் இங்கிலாந்து மருத்துவர் பெட்ஃபோர்டு 'லான்செட்' இதழில் எடுத்துரைத்தார். அறுவையின்போது இரத்த அழுத்தமும் உயிர்க்காற்றும் குறைவதே காரணம் என்ற ஐயம் நிலவியது. அதைச் சோதித்த பன்னாட்டு ஆய்வொன்று 1998-இல் வெளியாயிற்று. 60 வயதும் அதற்கு மேலும் ஆன 1,218 பேருள், ஒரு வாரத்தில் 25.8 விழுக்காட்டினரிடமும், மூன்று திங்களுக்குப் பின் 9.9 விழுக்காட்டினரிடமும் குறைபாடு காணப்பட்டது. ஆயின் அழுத்தக் குறைவோ காற்றுக் குறைவோ காரணமெனப் புலப்படவில்லை. நீடித்த குறைபாட்டோடு தொடர்புற்றது முதுமை ஒன்றே.

மயக்கும் முறையை மாற்றினால் நன்மை விளையுமா? இடுப்பெலும்பு முறிந்த 1,600 பேரிடம் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஆய்வு 2021-இல் விடை கூறிற்று. முழு மயக்கம் பெற்றோரிலும், முதுகில் ஊசியிட்டு உடலின் கீழ்ப்பகுதி மட்டும் மரத்துப்போகச் செய்யப்பட்டோரிலும், ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு மனக்குழப்பம் வந்தது.

ஆதலின் ஆராய்ச்சி இன்று மருந்தை மட்டும் நோக்காது, மூளையின் முன்னிலைமையையும் நோக்குகிறது. அறுவைக் காயம் உடலில் எழுப்பும் அழற்சி மூளையையும் தாக்குகிறது என்பது வலுப்பெற்றுவரும் கருத்து. எண்ணெய் நிறைந்த விளக்கு காற்றில் ஆடினும் மீண்டும் நிமிரும். எண்ணெய் வற்றிய விளக்கோ சிறு காற்றுக்கும் தடுமாறும்.

இதனைத் தடுக்க வழியும் உண்டு. தைவானில் வயிற்று அறுவை பெற்ற முதியோர் 377 பேரிடம் நடந்த ஆய்வு 2017-இல் வெளியாயிற்று. செவிலியர் நாள்தோறும் நாளும் இடமும் எடுத்துச் சொல்லி, வாயைத் தூய்மை செய்து, உண்ண உதவி, விரைவில் நடக்கச் செய்த பிரிவில் 6.6 விழுக்காட்டினருக்கே குழப்பம் வந்தது. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற பிரிவில் அது 15.1 விழுக்காடு.

வீட்டாருக்கும் இதில் கடமை உண்டு. முன்பே மறதி இருந்தால், நாணி மறைக்காது மருத்துவரிடம் கூறல் வேண்டும். நோயாளி விழித்ததும் மூக்குக்கண்ணாடியையும் காதுக் கருவியையும் அணிவித்தல் வேண்டும். பழகிய முகம் ஒன்று அருகிருத்தல் வேண்டும். தேவையான அறுவையை அச்சத்தால் தள்ளிப்போடுவதினும், இவற்றைச் செய்வதே அறிவுடைமை.