குளிரில் வியர்க்கக் கூடாது!

1911, ஜூன் 27. அண்டார்க்டிகாவில் அது நடுக் குளிர்காலம். பகலிலும் சூரியன் தலைகாட்டாத மாதம். எட்வர்ட் வில்சன், ஹென்றி பவர்ஸ், ஆப்ஸ்லி செர்ரி-கராட் என்ற மூன்று பிரிட்டிஷ்காரர்கள், சறுக்குவண்டிகளைத் தாங்களே இழுத்துக்கொண்டு பனிக்குள் புறப்பட்டார்கள். எதற்குத் தெரியுமா? எம்பரர் பெங்குவினின் முட்டைகளைக் கொண்டுவர!

வழியில் குளிர் மைனஸ் 60 டிகிரி செல்சியஸையும் தாண்டியது. ஒருநாள் காலை, கூடாரத்துக்கு வெளியே வந்த செர்ரி-கராட், சுற்றுமுற்றும் பார்க்கத் தலையை நிமிர்த்தினார். அவ்வளவுதான், மறுபடி குனிய முடியவில்லை! அதற்குள் அவருடைய உடை உறைந்து விறைத்துவிட்டது. நிமிர்ந்த தலையோடு நாலு மணி நேரம் அவர் வண்டி இழுக்க வேண்டியதாயிற்று. அதன்பிறகு மூவரும் உஷாராகிவிட்டார்கள். வெளியே வந்ததுமே, வண்டி இழுக்கத் தோதாகக் குனிந்து நின்றுகொள்வார்கள். உறைவது உறுதி, வசதியான நிலையிலாவது உறையட்டுமே!

அவர்கள் கம்பளி உடைதான் போட்டிருந்தார்கள். அது ஏன் கைவிட்டது? இதைப் புரிந்துகொள்ள, கம்பளி என்ன வேலை செய்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

இரண்டு ஐஸ்கட்டிகளை எடுத்துத் தனித்தனிப் பைகளில் போடுங்கள். ஒரு பையை அப்படியே தட்டில் வையுங்கள். இன்னொன்றைக் கம்பளித் துணியால் தளர்வாகச் சுற்றி வையுங்கள். எது முதலில் உருகும்? கம்பளிக்குள் இருப்பதுதான் என்று பலரும் சொல்வார்கள். ஆனால் வெறுமனே இருப்பதுதான் முதலில் உருகும்! கம்பளியிடம் சொந்தச் சூடு எதுவும் கிடையாது. வெளிச்சூட்டை உள்ளே வர விடாமல் அது தடுக்கிறது, அவ்வளவுதான். நாம் அதைப் போர்த்திக்கொண்டால் இதே வேலை திசை மாறி நடக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவரின் உடல் சுமார் 100 வாட் அளவுக்கு வெப்பத்தை வெளியிடும். அந்த வெப்பம் சட்டென்று வெளியே ஓடிவிடாமல் கம்பளி பிடித்து நிறுத்துகிறது.

எப்படி நிறுத்துகிறது? இங்கேதான் ஒரு வேடிக்கை. தடுப்பது பெரும்பாலும் நூல் இல்லை, காற்று! தடிமனான கம்பளித் துணியின் கனஅளவில் பாதிக்கும் மேல் காற்றுதான். அசையாமல் நிற்கும் காற்று, வெப்பத்தை மிக மெதுவாகத்தான் கடத்தும். ஆனால் காற்று எங்கே சும்மா நிற்கிறது? சூடானால் மேலே போகும், அந்த இடத்துக்குக் குளிர்ந்த காற்று வந்துவிடும். ஆட்டுரோமத்தின் இழைகள் சுருள் சுருளாக இருப்பதால் ஒன்றோடொன்று நெருங்கிப் படியாமல் இடைவெளி விட்டுப் பின்னிக்கிடக்கின்றன. அந்தச் சின்னச் சின்ன இடுக்குகளில் மாட்டிய காற்று, தேர்த் திருவிழாக் கூட்டத்தில் சிக்கியவர்போல நகர வழியில்லாமல் நின்றுவிடுகிறது. இழையின் முக்கிய வேலையே காற்றை இப்படி நிறுத்திவைப்பதுதான்.

அதனால்தான், இறுக்கமான பூட்ஸுக்குள் மூன்று நான்கு சாக்ஸைத் திணித்தால் கால் கதகதப்பாக இருக்காது. இழைகள் நசுங்கிக் காற்று வெளியேறிவிடும். ரத்த ஓட்டமும் குறைந்து விரல்கள் இன்னும் சில்லிட்டுப் போகும். பலமான காற்றடித்தாலும் இதே தொல்லைதான். துணிக்குள் நிற்கும் சூடான காற்றை அது விரட்டிவிடும். ஆகவே கம்பளிக்கு மேலே காற்றுப் புகாத மெல்லிய உடை ஒன்று வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட மோசமான எதிரி நம் உடலிலிருந்தே வருகிறது. அதுதான் வியர்வை! பாரமான வண்டியை இழுத்தால், மைனஸ் 60 டிகிரியிலும் உடல் வியர்க்கும். வியர்வை ஆவியாகித் துணி வழியே வெளியே போகப் பார்க்கும். கம்பளி இழை கொஞ்சம் சமாளிக்கும். தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை, ஈரமான உணர்வே தராமல் உறிஞ்சிக்கொள்ளும். அதற்கு மேல் தாங்காது. துணியின் வெளிப்பகுதி கடும் குளிராக இருப்பதால் ஆவி வழியிலேயே பனிக்கட்டியாகிவிடும். காற்று இருந்த இடத்தில் நீரும் பனியும் குடியேறும். நீரோ, அசையாத காற்றைவிட 20 மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும்! அந்த மூவரின் தூக்கப்பைகளிலும் இப்படித்தான் பனி சேர்ந்தது. சுமார் ஐந்து வாரப் பயணம் முடிந்து, மூன்று முட்டைகளோடு அவர்கள் திரும்பியபோது, பைகளின் எடை இரண்டு மடங்குக்கும் மேலாகியிருந்தது.

வட துருவப் பகுதியில் வாழும் இனுயிட் மக்களுக்கு இந்தச் சூட்சுமம் பரம்பரை பரம்பரையாகத் தெரியும். கரிபு என்னும் பனிமானின் தோலில் அவர்கள் உடை தைப்பார்கள். அதன் ரோமத்துக்கு உள்ளேயே காற்று அடைந்திருக்கும். கடுங்குளிரில் இரண்டு அங்கிகள் போடுவார்கள். உள்ளங்கியின் ரோமம் உடலைப் பார்த்தபடி இருக்கும், வெளியங்கியின் ரோமம் வெளியே பார்த்தபடி இருக்கும். இரண்டுமே தொளதொளப்பானவை. வேலை செய்து உடல் சூடானால், தலைமூடியைப் பின்னால் தள்ளிக் கழுத்துப் பக்கத்தைத் திறந்துவிட்டால் போதும், வெப்பமும் ஈரமும் மேல்வழியே வெளியேறிவிடும். வீட்டுக்குள் நுழையும்முன், ஒட்டியிருக்கும் பனியைக் குச்சியால் தட்டி உதறிவிடுவார்கள். வீட்டுச் சூட்டில் பனி உருகினால் ரோமம் நனைந்துவிடும் அல்லவா?

நார்வே நாட்டின் ரொவால்ட் அமுண்ட்சென், 1903 முதல் 1905 வரை கனடாவின் வடகோடியில் தங்கி, நெட்சிலிக் இனுயிட் மக்களிடம் இந்த வித்தையைக் கற்றுக்கொண்டார். 1911, டிசம்பர் 14 அன்று தென் துருவத்தை முதன்முதலில் அடைந்தது அவருடைய குழுதான். அவர்களின் வண்டிகளை நாய்கள் இழுத்தன. அதனால் மனிதர்கள் வியர்ப்பதும் குறைந்தது.

இன்றும் துருவப் பகுதியில் வேலை செய்பவர்கள் தடித்த உடை ஒன்றை மட்டும் நம்புவதில்லை. ஈரத்தை வெளியே கடத்த ஓர் அடுக்கு, காற்றைப் பிடித்துவைக்க நடுவில் ஓர் அடுக்கு, வீசும் காற்றைத் தடுக்க மேலே ஓர் அடுக்கு என்று போடுகிறார்கள். பனியை வெட்டி அள்ளும் வேலை என்றால், மண்வெட்டியைத் தொடும்முன் ஓர் அடுக்கைக் கழற்றிவைப்பார்கள். முதல் சில நிமிடம் லேசாகக் குளிரும். குளிரட்டும், வேலை முடிந்து மறுபடி போட்டுக்கொள்ளும்போது அது காய்ந்த உடையாக இருக்குமே!