மார்கழியில் துளசி ஏன் வாடுகிறது?

மார்கழி பிறந்துவிட்டால் திருமானூர் பக்கம் விடிகாலையில் எதிரே வருகிறவர் முகம் தெரியாது. கொள்ளிடத்துப் பக்கமிருந்து மூடுபனி ஊருக்குள் வந்துவிடும். அந்த மாதத்தில்தான் பல வீடுகளில் மாடத்துத் துளசி இலையெல்லாம் உதிர்ந்து வெறும் குச்சியாக நிற்கும். "பனி பட்டுக் கருகிப்போச்சு" என்பார் ஒருவர். "துளசி பட்டுப்போனா வீட்டுக்கு ஆகாதே" என்று கலங்குவார் இன்னொருவர். உண்மையில் அந்தச் செடிக்கு என்னதான் ஆயிற்று? துப்பறிந்து பார்ப்போமா, குட்டீஸ்?

முதல் சந்தேகம் பனி மேல்தான். துளசி வெப்பநாட்டுச் செடி. கடுங்குளிர் அதற்கு ஆகாது. அதன் நெருங்கிய உறவு திருநீற்றுப்பச்சை. பலூடாவில் வழுவழுவென்று மிதக்குமே சப்ஜா விதை, அது இந்தச் செடியின் விதைதான். ஐரோப்பாவில் இதன் இலையைச் சமையலுக்கு வளர்க்கிறார்கள். வெப்பம் 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் இலை கறுக்கத் தொடங்கும். உறைபனி விழுந்தால் ஒரே இரவில் செடி போய்விடும். அதனால் குளிர்காலம் வருமுன்பே தொட்டியோடு தூக்கி வீட்டுக்குள் சன்னலோரம் வைத்துக்கொள்வார்கள். உறைபனி விழும் நம் ஊட்டியிலும் துளசியைக் காப்பது சிரமம்தான்.

ஆனால் திருமானூரில்? டிசம்பர், ஜனவரி இரவுகளிலும் வெப்பம் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். பக்கத்தில் உள்ள கரைவெட்டி ஏரிக்கு வரித்தலை வாத்துகள் குளிருக்குப் பயந்து இமயமலையைத் தாண்டி வருவது இந்தச் சமயத்தில்தான். (2024-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பறவைகள் சரணாலயம் அது.) அந்த வாத்துகளுக்கு நம் மார்கழி இதமான காலம். ஆக, பனி குற்றவாளி இல்லை.

பின்னே யார்? பெரும்பாலும் நாம்தான்!

சித்திரை வெயிலில் காலையில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் மாலைக்குள் மண் காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய மண், மார்கழியில் அவ்வளவு சீக்கிரம் காயாது. ஆனாலும் தினமும் பூசை உண்டு. தினமும் ஒரு சொம்பு உண்டு. வேருக்கும் மூச்சு விடக் காற்று வேண்டும். மண்துகள்களின் இடைவெளியில் இருக்கும் காற்றைத்தான் அது எடுத்துக்கொள்கிறது. அந்த இடைவெளியெல்லாம் தண்ணீர் நின்றால் வேர் திணறி, அழுகத் தொடங்கும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. உடனே இலை தொங்கும். பார்ப்பவர் என்ன நினைப்பார்? "ஐயோ, தாகம்!" என்று இன்னொரு சொம்பு ஊற்றுவார். அத்தோடு முடிந்தது கதை.

எனவே தண்ணீர் ஊற்றுமுன் விரலை மண்ணில் ஒரு அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் இன்று வேண்டாம். "பூசைக்குத் தண்ணி ஊத்தாம எப்படி?" என்று அப்பாயி கேட்பார். நியாயமான கேள்விதான்! "சொம்புக்குப் பதிலா ஒரு உத்தரணி தண்ணி ஊத்துங்க அப்பாயி" என்று சொல்லிப் பாருங்கள். சிமெண்டு மாடத்தின் அடியில் தண்ணீர் வெளியேற ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். பல மாடங்களில் இருப்பதில்லை. இருந்தாலும் மண் அடைத்திருக்கும். ஒரு குச்சியால் குத்திவிடுங்கள்.

வெயிலிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். அதனால் நண்பகலிலும் நிழல் வடக்கே விழும். 10 அடி உயரச் சுவரின் நிழல் அப்போது ஏறக்குறைய 7 அடி நீளம் இருக்கும். அளந்து பாருங்களேன்! ஆனியில் நல்ல வெயில் பட்ட துளசி, மார்கழியில் அந்தச் சுவரின் நிழலுக்குள் மாட்டிக்கொண்டிருக்கும். தொட்டி என்றால் நகர்த்திவிடலாம். மாடத்தை என்ன செய்வது?

அதற்கு ஒரு மாற்று ஏற்பாடு இருக்கிறது. பூக்காத கிளை ஒன்றை நாலு அங்குல நீளத்துக்கு வெட்டுங்கள். அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, ஒரு தம்ளர் தண்ணீரில் நிறுத்துங்கள். தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். இரண்டு வாரத்துக்குள் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். மணல் கலந்த மண்ணில் நட்டு, வெயில் படும் இடத்தில் வைத்துவிட்டால் பெரிய செடிக்கு ஏதாவது ஆனாலும் அதன் பிள்ளை உங்கள் கையில் இருக்கும். வெட்டும்போது தண்டை விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள். உருளாது, நாலு பட்டை இருக்கும்! கற்பூரவல்லி, புதினா எல்லாம் இதே குடும்பம்தான்.

இன்னொன்று, கதிர். துளசி பூத்து விதை கட்டத் தொடங்கினால் சத்தெல்லாம் அதற்கே போகும். புது இலை குறையும். கதிர் தலைகாட்டியதுமே, அதற்குக் கீழே உள்ள இலை ஜோடிக்குச் சற்று மேலே கிள்ளிவிடுங்கள். அந்த இரண்டு இலைகளின் இடுக்கிலிருந்தும் இரண்டு கிளை வரும். ஒன்றைக் கிள்ளினால் இரண்டு!

இவ்வளவு செய்தும் சில செடிகள் போய்விடும். துளசி ஆலமரம் இல்லையே. சில ஆண்டுகளில் தண்டு மரத்துப்போய், வயதாகித்தான் தீரும். அது வீட்டுக்கு ஆகாத சகுனமல்ல. செடியின் ஆயுள் அவ்வளவுதான். அதனால் எல்லாக் கதிரையும் கிள்ள வேண்டாம். இரண்டை மட்டும் பழுப்பாகும்வரை விட்டுவையுங்கள். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, மெல்ல ஊதினால் உமி பறந்து, கடுகைவிடச் சிறிய விதைகள் தங்கும். காகிதத்தில் மடித்து வைத்திருந்து, குளிர் தணிந்த மாசியில் தூவுங்கள். மேலே மண்ணைப் போட்டு மூடாமல், லேசாகத் தெளித்தால் போதும். நாலு இலை விட்டதும் ஒன்றைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். அந்தக் குட்டி இலைக்கே துளசி வாசம் இருக்கும்.