ஐரோப்பாவில் ஒரு பருவம்: நம் வீட்டுப் பிள்ளைகளும் கடைக் கணக்கும்

நம் சங்க அலுவலகத்துக்கு உறுப்பினர்கள் வருவது பெரும்பாலும் உரிமம் புதுப்பிக்க, தராசு முத்திரை பற்றிக் கேட்க, வரிக் கணக்கில் வந்த அறிவிப்புக்குப் பதில் எழுத. காலடிப்பேட்டையில் மளிகைக் கடை நடத்தும் உறுப்பினர் ஒருவர் இவை எதுவுமின்றி ஒரு காகிதத்தை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். அவருடைய மகள் பொறியியல் மூன்றாம் ஆண்டு. ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் படிக்க அவரைக் கல்லூரி தேர்ந்தெடுத்திருந்தது.

"அண்ணாச்சி, படிப்புச் செலவு இல்லைங்கிறாங்க. ஆனா ஆறு லட்சம் பேங்க்ல காட்டணுமாம். இதுல எது நிசம்?" என்று கேட்டார்.

இரண்டும் நிசந்தான். அது எப்படி என்று விசாரித்து அவருக்குச் சொன்னதை, மற்ற உறுப்பினர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறோம்.

பழைய வழக்கந்தான்

நம் வட்டாரத்துக்கும் ஐரோப்பாவுக்கும் உள்ள தொடர்பு புதியதல்ல. திருவொற்றியூரில் தீப்பெட்டி செய்த விம்கோ, சுவீடன் நாட்டாரின் முதலீட்டில் 1923 இல் தொடங்கிய கம்பெனி. அந்தப் பெயர் இன்று மெட்ரோ நிலையத்தின் பெயராக நிற்கிறது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் 1955 இல் திருவொற்றியூருக்கு வந்து இந்த மண்ணின் வண்டியாகவே ஆகிவிட்டது. அவர்கள் சரக்கோடும் இயந்திரத்தோடும் இங்கே வந்தார்கள். நம் பக்கத்திலிருந்து படிக்கப் போனவர்களில் முதலில் நினைவுக்கு வருபவர் கணித மேதை ராமானுஜன்.

அவர் நம் துறைமுகத்து ஊழியர். 1912 மார்ச் முதல் தேதி சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் கணக்கு எழுத்தராகச் சேர்ந்தார். அங்கே அவருடைய திறமையைக் கண்டு தூக்கிவிட்டவர்கள் நாராயண ஐயரும், துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும். 1914 மார்ச் 17 ஆம் தேதி சென்னையிலிருந்து நெவாசா என்ற கப்பலில் ஏறி, ஏப்ரல் 14 ஆம் தேதி லண்டன் போய்ச் சேர்ந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் கொடுத்த உதவித்தொகை ஆண்டுக்கு 250 பவுன். அதில் 50 பவுனை ஊரிலிருந்த குடும்பத்துக்குச் சேரும்படி ஏற்பாடு செய்துவிட்டே அவர் இங்கிலாந்தில் இருந்தார்.

அந்தப் பயணத்தால் உலகம் அடைந்த லாபம் பெரிது. 1918 இல் அவர் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். நட்டமும் உண்டு. சைவ உணவுக்குத் தாமே சமைத்துக்கொண்டு, போர்க்காலத் தட்டுப்பாட்டிலும் கடுங்குளிரிலும் காலம் தள்ளியவர் 1917 இல் நோயில் விழுந்தார். 1919 இல் திரும்பி வந்தார். 1920 ஏப்ரல் 26 ஆம் தேதி, 32 வயதில் காலமானார். அறிவுக்கு வேண்டியதை ஏற்பாடு செய்த பெரியவர்கள் சாப்பாட்டுக்கும் உடம்புக்கும் அதே அளவு ஏற்பாடு செய்திருக்கலாம் என்று இன்றும் மனம் அடித்துக்கொள்கிறது. பிள்ளையை அனுப்பும் பெற்றோர் முதலில் நினைவில் வைக்க வேண்டியது இதைத்தான்.

பரிமாற்றம் என்றால் என்ன?

வெளிநாட்டில் போய்ப் பட்டம் வாங்குவது வேறு. பரிமாற்றத்தில் போவது வேறு. பரிமாற்றம் நம் பண்டமாற்றுப் போன்றது. இரண்டு கல்வி நிலையங்கள் ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. இங்கிருந்து சிலர் அங்கே போகிறார்கள். அங்கிருந்து சிலர் இங்கே வருகிறார்கள். நம் பிள்ளை கல்விக் கட்டணத்தை வழக்கம்போல் இங்கேயே கட்டும். அங்கே கட்டணம் வாங்குவதில்லை. ஒரு பருவம் படித்துவிட்டு வந்து பட்டத்தை இங்கேயே வாங்கும்.

ஐரோப்பாவில் இதற்கென எராஸ்மஸ் என்ற திட்டம் 1987 இல் தொடங்கியது. முதல் ஆண்டில் 11 நாடுகளிலிருந்து 3,244 மாணவர்கள் போனார்கள். 2015 முதல் இந்தியா போன்ற வெளிநாடுகளின் மாணவர்களும் ஒப்பந்தமுள்ள கல்லூரிகள் வழியாக ஒரு பருவத்துக்குப் போய் வர வழி பிறந்தது. தேர்வானவர்களுக்கு மாதாந்திர உதவித்தொகையும், தூரத்தைப் பொறுத்துப் பயணப்படியும் உண்டு. நம் சென்னை ஐ.ஐ.டி.யே 1959 இல் ஜெர்மனி அரசின் உதவியோடு எழுந்த நிறுவனம். அந்த உறவின் தொடர்ச்சியாக மாணவர்கள் இன்றும் அங்கே போய் வருகிறார்கள். 1925 இல் தொடங்கிய டாட் என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பும் உதவித்தொகை வழங்குகிறது.

ஆறு லட்சத்தின் கதை

படிப்புக்குக் கட்டணம் இல்லை என்பது நிசம். ஆனால் அங்கே தங்க, சாப்பிட, காப்பீடு கட்டப் பணம் இருக்கிறது என்று காட்டினால்தான் ஜெர்மனி விசா தரும். 90 நாளுக்கு மேல் தங்குவதற்குச் சுற்றுலா விசா செல்லாது. அந்தந்த நாட்டின் நீண்டகால விசா வேண்டும். உதவித்தொகை இல்லாதவர் வழக்கமாக ஒரு முடக்கக் கணக்கில் பணத்தைப் போட வேண்டும். 2024 செப்டம்பரில் நிர்ணயித்த தொகை மாதத்துக்கு 992 யூரோ. ஆறு மாதத்துக்கு 5,952 யூரோ. ஒரு யூரோவை நூறு ரூபாய் என்று வைத்தாலே ஆறு லட்சத்தைத் தொடுகிறது. இந்தத் தொகை அவ்வப்போது மாறும். போகும் ஆண்டில் எவ்வளவு என்று தூதரகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இது கட்டணம் அல்ல என்பதை உறுப்பினர்கள் கவனிக்க வேண்டும். பணம் பிள்ளையின் பெயரில்தான் இருக்கிறது. அங்கே போனபின் மாதாமாதம் அந்த அளவு மட்டும் எடுத்துச் செலவு செய்யலாம். ஆனால் நமக்கு இடிப்பது வேறு இடத்தில்.

ஜெர்மனியின் குளிர்காலப் பருவம் அக்டோபர் முதல் தேதி தொடங்குகிறது. விசாவுக்குப் பல வாரம் ஆகும் என்பதால் ஜூலை, ஆகஸ்டிலேயே பணம் கணக்கில் ஏறியிருக்க வேண்டும். அது எந்தக் காலம்? ஆயுத பூசைக்கும் தீபாவளிக்கும் சரக்குப் பிடிக்கும் காலம். எண்ணெய், பருப்பு, நெய், சர்க்கரைக்கு மொத்த வியாபாரியிடம் ரொக்கம் கொடுத்தால் விலை குறையும். அந்த நேரத்தில் ஆறு லட்சத்தை நடைமுதலிலிருந்து உருவினால் கடை இளைத்துப் போகும். சம்பளக்காரர் வீட்டில் இது சேமிப்பு பற்றிய கேள்வி. நம் வீட்டில் இது சரக்கு பற்றிய கேள்வி.

காலடிப்பேட்டை உறுப்பினர் அதைத்தான் செய்தார். கல்விக் கடனுக்கு அலைய நேரம் போதவில்லை. நடைமுதலை எடுத்தார். அந்தத் தீபாவளிக்கு வழக்கத்தில் பாதிச் சரக்குத்தான் பிடிக்க முடிந்தது. சீட்டுக் கட்டிப் பலகாரச் சாமான் வாங்கும் வாடிக்கைக் குடும்பங்களில் சில வேறு கடைக்குப் போய்விட்டன. "போனதுல பாதிதான் பொங்கலுக்குத் திரும்பி வந்துச்சு அண்ணாச்சி" என்று அவரே சொன்னார்.

ஆகவே எங்கள் யோசனை இது. பிள்ளை இரண்டாம் ஆண்டில் இருக்கும்போதே, பரிமாற்றம் உண்டா என்று கல்லூரியில் கேளுங்கள். உண்டென்றால் ஒரு வருடம் முன்கூட்டியே தனிச் சேமிப்புத் தொடங்குங்கள், அல்லது கல்விக் கடனுக்கு அப்போதே எழுதிக் கொடுங்கள். கடைப் பணத்தையும் பிள்ளைப் பணத்தையும் ஒரே பெட்டியில் வைக்க வேண்டாம். வெளிநாட்டுக்குப் படிப்புக்காக அனுப்பும் பணத்தில் 10 லட்சம் ரூபாய் வரை முன்வரிப் பிடித்தம் இல்லை என்பது 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதி. ஒரு பருவச் செலவு அநேகமாக அதற்குள் அடங்கிவிடும்.

எழுத்தில் வாங்குங்கள்

வியாபாரத்தில் வாய்ப்பேச்சை நம்பி மோசம் போனவர்கள் நம்மில் பலர். படிப்பிலும் அதே கதைதான். இத்தாலியில் சோஃபியா கொராடி என்ற பெண்மணி அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்ட மேற்படிப்பு முடித்து 1958 இல் ரோமுக்குத் திரும்பினார். அங்கே படித்ததை ரோம் பல்கலைக்கழகம் ஏற்கவில்லை. அவர் அதோடு ஓயவில்லை. வெளிநாட்டில் படித்த பாடம் சொந்த நாட்டிலும் செல்ல வேண்டும் என்று பல ஆண்டுகள் மனுப் போட்டு வாதாடினார். எராஸ்மஸ் திட்டம் பிறந்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு.

இப்போது அங்கே பாடங்களுக்குப் பொதுவான மதிப்பெண் அளவு வைத்திருக்கிறார்கள். ஒரு பருவத்துக்கு 30, ஓர் ஆண்டுக்கு 60. எந்தப் பாடம் படிக்கப் போகிறோம், அது இங்கே எந்தப் பாடத்துக்கு ஈடு என்று புறப்படுமுன் இரண்டு பல்கலைக்கழகமும் மாணவரும் கையெழுத்திட்ட உடன்படிக்கை வேண்டும். அதுதான் நம் பக்கத்து இன்வாய்சு. அங்கே போய்ப் பாடம் மாற்றினால் மறுபடியும் கையெழுத்து வாங்க வேண்டும்.

காலடிப்பேட்டைப் பெண் இதில்தான் சறுக்கினார். அங்கே ஒரு பாடத்தை மாற்றிக்கொண்டார். கல்லூரிக்கு எழுதி அனுமதி வாங்க மறந்துவிட்டார். நான்கு பாடம் ஏறின. ஐந்தாவது ஏறவில்லை. வந்து மறுபடியும் எழுதினார்.

இன்னொரு சிக்கல் நாட்காட்டி. ஜெர்மனியில் வகுப்புகள் பிப்ரவரி நடுவில்தான் முடிகின்றன. தேர்வுகள் அதற்கும் பின்னால் இழுக்கும். நம் கல்லூரிகளில் அடுத்த பருவம் அதற்குள் தொடங்கிவிடும். வருகைப் பதிவு எப்படிக் கணக்காகும் என்பதையும் எழுத்திலேயே வாங்கிக்கொள்வது நல்லது.

அங்கே போய் இறங்கினால்

குடியேறிய இரண்டு வாரத்துக்குள் ஜெர்மனியில் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். மருத்துவக் காப்பீடு கட்டாயம். பல்கலைக்கழக உணவகத்தில் மாணவர்களுக்குக் குறைந்த விலையில் சாப்பாடு கிடைக்கும், சைவமும் உண்டு. ஆனாலும் ஒரு சிறிய குக்கரும், பருப்பு சாதம் வைக்கும் பழக்கமும் கூடப் போக வேண்டும். டிசம்பரில் பெர்லின் போன்ற ஊர்களில் பிற்பகல் நான்கு மணிக்கே சூரியன் மறைந்துவிடும். அந்த இருட்டு பிள்ளைகளை வாட்டும். நமக்கும் அவர்களுக்கும் குளிர்காலத்தில் நாலரை மணி நேர வித்தியாசம். நாம் இரவு பத்து மணிக்குக் கடையடைக்கும்போது அவர்களுக்கு மாலை ஐந்தரை. அப்போது பேசுங்கள். "சாப்பிட்டியா?" என்று கேட்பது பழைய கேள்வியாக இருக்கலாம்; ராமானுஜன் கதை தெரிந்தவர்களுக்கு அது சின்னக் கேள்வியாகத் தோன்றாது.

கடைக்காரர் வீட்டுக் கண்

அந்தப் பெண் அங்கே போன முதல் ஞாயிற்றுக்கிழமை பால் வாங்கப் போய்க் கடைகள் எல்லாம் பூட்டியிருப்பதைக் கண்டு திகைத்துத் தந்தைக்குத் தொலைபேசி செய்தாராம். ஞாயிறு ஓய்வை ஜெர்மனியின் அரசியல் சட்டமே காக்கிறது. ரயில் நிலையம், மருந்துக்கடை போன்ற சில விலக்குகள் தவிர, கடைக்காரரும் கடைப் பையனும் வாரத்தில் ஒரு நாள் குடும்பத்தோடு இருக்கிறார்கள். கடை திறப்பது பற்றிய அவர்கள் சட்டம் 1956 லேயே வந்தது. வருடம் முழுவதும் கல்லாவில் உட்காரும் நமக்கு இது யோசிக்க வேண்டிய செய்தி.

குடிநீர்ப் பாட்டிலுக்கு 25 சென்ட் வைப்புத்தொகை பிடிக்கிறார்கள். காலிப் பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் காசு திரும்புகிறது. 2003 முதல் நடக்கும் ஏற்பாடு. நம் காசிமேட்டுக் கரையிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் ஒதுங்கும் பாட்டில்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். சோடா பாட்டிலுக்கு முன்பணம் வாங்கிய நாம் அதை மறந்துவிட்டோம், அவ்வளவுதான்.

அலமாரியில் பொட்டலத்தின் விலையோடு கிலோ விலையும் எழுதி வைக்கிறார்கள். சிறிய பொட்டலம் மலிவா, பெரியது மலிவா என்று வாங்குபவர் ஒரு பார்வையில் அறிந்துகொள்கிறார். திரும்பி வந்த மகள் முதல் வேலையாக அப்பாவின் கடையில் பருப்பு, அரிசித் தட்டுகளில் இதே மாதிரி அட்டை எழுதி வைத்தார். விலை கேட்டு நிற்கும் கூட்டம் குறைந்தது என்கிறார் தந்தை.

லாபமா, நட்டமா?

ஒரு தீபாவளி வியாபாரத்தில் பாதி போனது. ஒரு பாடம் மறுபடி எழுத நேர்ந்தது. இவை செலவுப் பத்தி. வரவுப் பத்தியில் என்ன எழுதுவது என்று அவரிடமே கேட்டோம். சற்று யோசித்துச் சொன்னார்: "முன்னெல்லாம் பேங்க்லருந்து இங்கிலீசு கடிதம் வந்தா, பிரிக்காம அடுத்த தெரு ஆடிட்டர்கிட்ட கொண்டு போவேன். இப்ப பாப்பா பிரிச்சுப் படிச்சு, தானே போய் மேனேஜர்கிட்ட பேசிட்டு வருது. தனியா ஒரு நாட்டுல நின்ன புள்ள அண்ணாச்சி. பயம் போயிடுச்சு."

இந்த வரவை எந்தப் பேரேட்டிலும் ரூபாயாக எழுத முடியாது. ஆனால் நம் தலைமுறையில் பலர் அந்தப் பயத்தாலேயே கடைப்படியைத் தாண்டவில்லை என்பது நமக்குத் தெரியும்.

எனவே உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்: பிள்ளை காகிதத்தைக் கொண்டுவந்தால் "நமக்கெதுக்கு" என்று மடித்து வைக்காதீர்கள். "போய் வா" என்று உடனே தலையாட்டவும் வேண்டாம். உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். ஆடி மாதத்திலேயே போடுங்கள். சந்தேகம் வந்தால் சங்க அலுவலகம் திறந்திருக்கிறது, ஞாயிறு தவிர.