பாலைவனத்து ஏரிக்கு ஒரு பயணம்
வியாபாரிகள் குடும்பத்தோடு போய்வரத் திட்டமிட ஒரு வழிகாட்டி

நமது ஆரப்பாளையம் வட்டார வியாபாரிகள் பார்த்த வெளியூர்களைக் கேட்டால் பெரும்பாலும் மூன்று வகைதான் சொல்வார்கள். சரக்குக் கொள்முதலுக்குப் போன ஊர், கல்யாணத்துக்குப் போன ஊர், கோயிலுக்குப் போன ஊர். அலுப்பு தீர நாலு நாள் இருந்துவிட்டு வருவோம் என்று போன ஊர் எதுவென்றால், வைகை அணைப் பூங்காவும் கொடைக்கானலும்தான். அதிலும் பாதிப் பேர் காலையில் போய் இரவு கடை கட்டும் நேரத்துக்குத் திரும்பியவர்கள். கடையில் நிற்பவருக்கு மட்டுமல்ல, முப்பது நாற்பது வருடமாக அவருக்கு நேரம் தவறாமல் சாப்பாடு கொடுத்தனுப்பிய வீட்டம்மாவுக்கும் இதே கதிதான்.

அப்படிப்பட்டவர்கள் வாழ்நாளில் ஒரு முறையாவது போய்ப் பார்க்க வேண்டிய இடமாக ராஜஸ்தானில் உள்ள ஜெய்சால்மர் நகரையும், அங்குள்ள கடீசர் ஏரியையும் சொல்வேன். சங்கக் கட்டிடத்தில் இந்தப் பேச்சை எடுத்தபோது ஓர் உறுப்பினர், "ஏன் அண்ணாச்சி, பாலைவனத்தில் ஏரி எப்படி இருக்கும்? இருந்தாலும் அதைப் பார்க்க அவ்வளவு தூரம் போகணுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

வியாபாரிகள் கட்டிய ஊர்

ஜெய்சால்மர் 1156-ஆம் ஆண்டு ராவல் ஜெய்சால் என்ற அரசரால் நிறுவப்பட்டது. தார் பாலைவனத்தின் நடுவே ஒரு குன்றின் மேல் மஞ்சள் நிறக் கல்லால் கட்டிய கோட்டை. இன்றைக்கும் அந்தக் கோட்டைக்குள் மக்கள் குடியிருக்கிறார்கள், கடைகள் நடக்கின்றன. 2013-ல் ராஜஸ்தானின் மற்ற ஐந்து மலைக்கோட்டைகளோடு சேர்த்து யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

விளைச்சல் குறைந்த இந்த ஊர் எப்படிச் செழித்தது? வியாபாரத்தால்தான். சிந்து, முல்தான் பக்கமிருந்தும் அதற்கு அப்பால் மத்திய ஆசியாவிலிருந்தும் வந்த ஒட்டகச் சாத்துகள் இந்த வழியாகத்தான் இந்தியாவுக்குள் சரக்கு கொண்டு வந்தன. பட்டு, மசாலா, உலர்ந்த பழங்கள், அபின் எல்லாம் இங்கே கைமாறின. அரசருக்குச் சுங்கம், வியாபாரிக்கு லாபம். அந்த லாபத்தில் வியாபாரிகள் கட்டிய மாளிகைகளை இன்றும் பார்க்கலாம். பட்வா என்ற வணிகக் குடும்பத்தார் 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஐந்து மாளிகைகளின் கல் சன்னல்களைப் பார்த்தால், மரத்தில் செதுக்கியதா கல்லில் செதுக்கியதா என்ற சந்தேகம் வரும்.

ஏரியைக் காத்த விதம்

நம் மதுரையில் ஆண்டுக்குச் சராசரியாக 850 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. ஜெய்சால்மரில் 200 மில்லிமீட்டர் கூடக் கிடையாது. ஆற்றுப் பாசனம் இல்லை. இந்த நிலையில் ஊருக்கும், வந்து தங்கும் சாத்துகளுக்கும், அத்தனை ஒட்டகங்களுக்கும் தண்ணீர் வேண்டும். அதற்காக ஏற்பட்டதே கடீசர். 14-ஆம் நூற்றாண்டில் மகாராவல் கட்ஸி சிங் என்ற அரசர் இதைப் பெரிதாகக் கட்டினார். அவர் பெயரே ஏரிக்கும் நிலைத்துவிட்டது. அதற்குப் பிறகு அறுநூறு ஆண்டு காலம் அந்த ஊரே இந்த ஒரு ஏரியை நம்பித்தான் வாழ்ந்தது.

மழைத் தண்ணீர் ஓடி வரும் மேட்டு நிலத்தை அசுத்தம் செய்யாமல் ஊரார் கட்டுப்பாடாகக் காத்தார்கள். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வீணாகாமல் அடுத்தடுத்த குளங்களுக்குப் போகும்படி வழி வைத்திருந்தார்கள். ஒரு கண்மாய் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாயை நிரப்பும் நம் பாண்டிநாட்டு ஏற்பாடும் இதேதான். அவர்கள் சொட்டுத் தண்ணீரை எண்ணிச் செலவழித்தார்கள். நாமோ வைகைக் கரையில் இருந்துகொண்டு வரத்துக் கால்வாய்களை அடைய விட்டோம். திருமலை நாயக்கர் கட்டிய வண்டியூர் தெப்பக்குளம் நீரின்றிக் கிடந்து, பையன்கள் கிரிக்கெட் ஆடிய காலத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பனையூர்க் கால்வாயைச் சரி செய்து வைகைத் தண்ணீரைக் கொண்டு வந்த பிறகே அது மீண்டும் குளமாகத் தெரிகிறது.

இப்போது கடீசருக்கும் வெளியூர்த் தண்ணீர் வருகிறது. பஞ்சாபின் ஹரிகே தடுப்பணையிலிருந்து 600 கிலோமீட்டருக்கு மேல் பாலைவனத்துக்குள் ஓடும் இந்திரா காந்தி கால்வாயின் நீரால் ஏரி வற்றாமல் இருக்கிறது. 1958-ல் வேலை தொடங்கிய கால்வாய் இது. மேற்கே போகும் பெரியாற்று நீரை 1895-ல் கிழக்கே திருப்பியதால் மதுரைச் சீமை பிழைத்தது போல, இந்தக் கால்வாயால் அந்தப் பாலைவனத்தில் பயிர் முளைத்தது.

ஏரியில் என்ன பார்க்கலாம்?

கோட்டையிலிருந்து நடந்தே போய்விடலாம். நுழைவாயிலில் பெரிய கல் வளைவு ஒன்று இருக்கிறது. தீலோன் என்ற தாசி கட்டியது என்பார்கள். ஒரு தாசி கட்டிய வாசலில் நான் நுழைவதா என்று அரசர் மறுத்ததாகவும், அதன் மேல் அவள் கிருஷ்ணன் கோயிலை வைத்துவிட்டதால் யாராலும் இடிக்க முடியவில்லை என்றும் ஊரில் கதை சொல்கிறார்கள்.

உள்ளே போனால் தண்ணீரின் நடுவிலும் கரையிலும் சிறு கல் மண்டபங்கள், கோயில்கள், படித்துறைகள். காலால் மிதிக்கும் படகும் துடுப்புப் படகும் வாடகைக்குக் கிடைக்கும். பெரிய பெரிய கெளுத்தி மீன்கள் கரையோரம் திரியும். குளிர்காலத்தில் வெளிநாட்டுப் பறவைகளும் வந்திறங்கும். சூரியன் எழும் நேரத்தில் போக வேண்டும். அந்த வெயில் பட்டு மண்டபங்கள் பொன்னாக மாறுவதைப் பார்த்துக்கொண்டு படியில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தால், கல்லாப்பெட்டி நினைவு தானாகப் போய்விடும்.

எப்போது கிளம்புவது?

நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் ஏற்ற காலம். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரிக்கு மேல் போகும், வயதானவர்களுக்கு ஆகாது. நவம்பரில் தீபாவளி நெருக்கத்தின் களைப்பும் வசூல் வேலையும் இருக்கும். டிசம்பரில் பொங்கல் சரக்குக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். ஆகவே நமக்குத் தோதானது பொங்கல் முடிந்த பிறகுதான்.

இதிலும் ஒரு கணக்கு உண்டு. மாதாந்திர ஜி.எஸ்.டி. கணக்கு 20-ஆம் தேதிக்குள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை தாக்கல் செய்யும் சிறு வியாபாரிகளுக்கு ஜனவரி 22. அதை முடித்துக்கொண்டு 23-ஆம் தேதிக்கு மேல் புறப்பட்டால், மாதாந்திரக்காரர்களின் விற்பனை விவரத்துக்கான பிப்ரவரி 11-க்குள் ஊர் திரும்பிவிடலாம்.

ஜெய்சால்மரில் நடக்கும் பாலைவனத் திருவிழா மாகப் பௌர்ணமியில் முடியும். பெரும்பாலான ஆண்டுகளில் அது நமது தைப்பூசத்தை ஒட்டியே வரும். ஒட்டக ஓட்டமும் நாட்டுப்புறப் பாட்டும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் அந்த நாட்களில் கூட்டமும் தங்கும் அறை வாடகையும் அதிகம். தெப்பத் திருவிழாவை விட மனமில்லாதவர்கள் அதைச் சேவித்துவிட்டு, பிப்ரவரி 20-க்கு மேல் கிளம்பலாம். பகலில் சற்று வெயில் ஏறியிருக்கும். ஆனால் சீரக அறுவடையைப் பார்க்கலாம். மார்ச் ஆண்டு முடிவு நெருங்குவதற்குள் திரும்பிவிட வேண்டும்.

எப்படிப் போவது?

மதுரையிலிருந்தே பிகானீருக்கு அணுவிரத் எக்ஸ்பிரஸ் என்ற வாராந்திர குளிர்சாதன ரயில் இருக்கிறது. ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். பிகானீரிலிருந்து ஜெய்சால்மர் சுமார் 330 கிலோமீட்டர்; ரயிலும் உண்டு, சாலையும் நன்றாக இருக்கிறது. திரும்பும்போது ஜோத்பூர் வந்து, அங்கிருந்து சென்னை வழியாக மதுரை வரலாம். ஜோத்பூர், ஜெய்சால்மர் இரண்டிலும் விமான நிலையம் உண்டு. ஆனால் மதுரையிலிருந்து நேரடி விமானம் கிடையாது.

2024 நவம்பர் முதல் ரயிலில் 60 நாட்களுக்கு முன்பிருந்துதான் பதிவு செய்யலாம். முன்பு 120 நாட்களாக இருந்தது. வாராந்திர ரயில் என்பதால் பதிவு திறக்கும் அன்றே முந்திக்கொள்ள வேண்டும். 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது; பதிவு செய்யும்போதே கேட்டு வாங்குங்கள். எல்லைப்புற மாவட்டம் ஆனதால் அசல் அடையாள அட்டை ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும்.

ரயிலில் போகவும் வரவும் ஆறு நாள், பிகானீரில் ஒரு நாள், ஜெய்சால்மரில் மூன்று நாள், ஜோத்பூரில் ஒரு நாள், இடைப்பட்ட சாலைப் பயணத்துக்கு ஒரு நாள். ஆக பன்னிரண்டு நாள். ஜெய்சால்மரில் முதல் நாள் கோட்டையும் மாளிகைகளும். இரண்டாம் நாள் காலை ஏரி, மாலை 40 கிலோமீட்டர் தள்ளியுள்ள சாம் மணல் மேடு. மூன்றாம் நாள் கைவிடப்பட்ட குல்தரா கிராமம் என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் கடைச் சரக்கு பிறக்கும் இடம்

நாம் விற்கும் சீரகம் ஏறக்குறைய முழுவதும் குஜராத், ராஜஸ்தான் இரண்டு மாநிலங்களில்தான் விளைகிறது. ஜோத்பூர், பார்மேர், ஜாலோர், ஜெய்சால்மர் மாவட்டங்களில் நவம்பரில் விதைத்து, பிப்ரவரி, மார்ச்சில் அறுக்கிறார்கள். அந்த நேரத்தில் மழையோ மேகமோ வந்தால் பயிர் கெடும்; மறு வாரம் கீழமாசி வீதியில் விலை ஏறும். எத்தனையோ வருடம் விலையை மட்டும் கேட்டு வந்த நமக்கு, அந்தச் செடியைக் கண்ணால் பார்ப்பது ஒரு தனி அனுபவம். நாகௌர் வெந்தயக்கீரை, மதானியா மிளகாய், கம்பு எல்லாம் இந்தப் பக்கத்துச் சரக்குகளே. 2010-ல் புவியியல் குறியீடு பெற்ற பிகானீர் புஜியா நரிப்பயறு மாவும் கடலை மாவும் சேர்த்துச் செய்வது. ஜோத்பூர் மணிக்கூண்டுச் சந்தையின் மசாலாக் கடைகளை ஒரு சுற்று வாருங்கள். ஆனால் மாதிரியை மட்டும் பார்த்து அங்கேயே மூட்டைக் கணக்கில் ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள். இது ஓய்வுப் பயணம். முகவரி வாங்கி வந்து, நம் தரகர் மூலம் விசாரித்து, முறையான பில்லோடு வாங்குவதே நல்லது.

புறப்படும் முன் கடை ஏற்பாடு

பன்னிரண்டு நாள் கடையைப் பூட்டத் தேவையில்லை. மகனோ தம்பியோ நம்பிக்கையான கணக்குப்பிள்ளையோ பார்த்துக்கொள்ளட்டும். ஒரு மாதம் முன்பிருந்தே அவரைக் கல்லாவில் உட்கார வைத்துப் பழக்குங்கள். பற்று வரவு நோட்டில் யாருக்கு எதுவரை கடன் கொடுக்கலாம் என்று எழுதி வையுங்கள். கொடுத்த செக்குகளின் தேதியைக் குறித்து வங்கியில் பணம் வைத்துவிட்டுப் புறப்படுங்கள். விலை ஏறும் என்று கணித்து பெரிய அளவில் சரக்கு ஏற்றிவிட்டுப் போகாதீர்கள். மனம் அங்கே போனாலும் நிம்மதி இருக்காது.

ஜனவரி இரவில் குளிர் பத்து டிகிரிக்குக் கீழே போகும். கம்பளி, குல்லாய், மப்ளர் அவசியம். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை இருபது நாளுக்குக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். முதுகுவலி, மூட்டுவலி உள்ளவர்கள் ஒட்டகச் சவாரியை விட்டுவிட்டு ஒட்டக வண்டியில் போகலாம். சைவச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. சப்பாத்தி, பருப்பு, நெய் தாராளமாகக் கிடைக்கும்.

பாதை மாறினால்?

இவ்வளவு செழித்த ஊர் ஒரு காலத்தில் வெறிச்சோடியது. பம்பாய்த் துறைமுகம் வளர்ந்ததும், ரயில் வந்ததும், சரக்கு ஒட்டகத்தை விட்டுக் கப்பலுக்குப் போனது. 1947 பிரிவினையில் சிந்துப் பாதை அடியோடு அடைபட்டது. பல வணிகக் குடும்பங்கள் ஊரை விட்டு வெளியேறின. எஞ்சியவர்கள் கோட்டையையும் ஏரியையும் காத்தார்கள். 1974-ல் சத்யஜித் ராய் இந்தக் கோட்டையை வைத்து 'சோனார் கெல்லா' என்ற வங்காளப் படம் எடுத்தார். வங்காளிகள் திரளாகப் பார்க்க வந்தார்கள். பிறகு உலகமே வந்தது. இன்று அந்த ஊர்க் கடைக்காரர்கள் வருகிறவர்களை நம்பித்தான் கடை நடத்துகிறார்கள்.

நமக்கும் இன்று பாதை மாறிக்கொண்டுதான் இருக்கிறது. பெரிய அங்காடியும், கைப்பேசியில் கேட்டால் பத்து நிமிடத்தில் சரக்கு கொண்டுவரும் கம்பெனியும் நம் தெருவுக்கே வந்துவிட்டன. சாத்துகள் இனித் திரும்பி வரும் என்று காத்திருந்தவர்கள் அங்கே நொடித்துப் போனார்கள். கையிலிருப்பது எது என்று பார்த்து அதைப் பேணியவர்கள் பிழைத்தார்கள். நம் கையிலிருப்பது முகம் தெரிந்த வாடிக்கையாளரும், சரியான எடையும், அவசரத்துக்குக் கொடுக்கும் கடனும். மாளிகைச் சன்னல்களைப் பார்க்கும்போது இதையும் சேர்த்து யோசித்துப் பார்க்கலாம்.

பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்தால் வண்டி, அறை, வழிகாட்டிச் செலவு எல்லாம் பங்கிட்டுக் குறையும். பெண்களுக்கும் பேச்சுத்துணை இருக்கும். விருப்பமுள்ள உறுப்பினர்கள் ஐப்பசி மாதத்திலேயே ஒன்றுகூடித் தேதியை முடிவு செய்தால், ரயில் பதிவுக்கு நேரம் சரியாக இருக்கும். வீட்டில் இன்றைக்கே கேட்டுப் பாருங்கள், மறுப்பு வராது.